பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை எங்கிருந்து வருகிறது? சேகரிப்புக்கும் ஏலத்துக்கும் ஓர் அறிமுகம்

2014 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் போனம்ஸ் என்ற ஏல நிறுவனம் ஒரு ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டைனா சூப்பர் கிளைடு என்ற அந்த மாடலுக்கு 12,000 முதல் 15,000 யூரோ வரை கிடைக்கலாம் என்று நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. விற்பனை முடிந்தபோது அதன் விலை 2,41,500 யூரோவாக இருந்தது. அது பழைய வண்டியும் அன்று, அரிய மாடலும் அன்று. 2013இல் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் அதைப் போப் பிரான்சிஸுக்கு அன்பளிப்பாக அளித்திருந்தது. அவர் பெட்ரோல் டாங்கில் கையொப்பமிட்டு, கிடைக்கும் பணம் ரோம் நகரில் வீடற்றோருக்கான இல்லத்துக்குப் போய்ச் சேரும்படி அதை விற்பனைக்குக் கொடுத்தார்.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிக்கும் உலகுக்குள் நுழைய விரும்புபவர் முதலில் இந்த விற்பனையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மதிப்பீட்டுக்கும் விற்ற விலைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளியை நிரப்பியது, இந்த வண்டி இன்னாருடையது என்று எவரும் ஐயுறாதபடி நிறுவக்கூடிய ஒரு வரலாறு. வயதும் அழகும் வேகமும் விலைக்குள் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது சான்று. ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லப்படும் கதையில் எவ்வளவு பகுதியை மெய்ப்பிக்க முடிகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுக்குத்தான் பணம் கிடைக்கிறது. இக்கட்டுரை அந்த ஒரு கருத்தையே பல பக்கங்களிலிருந்தும் விளக்க முயல்கிறது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சு வழக்கில் பழைய வண்டி எதையும் 'விண்டேஜ்' என்று சொல்லிவிடுகிறோம்; சேகரிப்பாளர்களிடையே அச்சொல்லுக்குக் கால எல்லை உண்டு. பிரிட்டிஷ் மரபில் 1914 முடிய உருவானவை 'வெட்டரன்' என்றும், 1915 முதல் 1930 வரை உருவானவை 'விண்டேஜ்' என்றும், அதற்குப் பின் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை உருவானவை 'போஸ்ட் விண்டேஜ்' என்றும் பிரிக்கப்படுகின்றன. 1946இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் இன்று 25 ஆண்டைக் கடந்த எந்த வண்டிக்கும் இடமளிக்கிறது. அமெரிக்காவின் ஆண்டிக் மோட்டார் சைக்கிள் கிளப் 35 ஆண்டு என்று வரையறுத்திருக்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டு என்று கொள்கிறது. ஓர் ஏலப் பட்டியலில் இச்சொற்களைக் காணும்போது அவை எந்த மரபின்படி ஆளப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தயாரிப்பு ஆண்டு ஓராண்டு முன்பின்னாக மாறினாலே ஒரு வண்டி குறிப்பிட்ட ஊர்வலத்தில் கலந்துகொள்ளும் தகுதியை இழக்கலாம். லண்டனை அடுத்த எப்சமிலிருந்து பிரைட்டனுக்குச் செல்லும் பயனியர் ரன் என்னும் புகழ்பெற்ற ஓட்டம் 1915க்கு முற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே 1914 என்று உறுதிப்படுத்தப்பட்ட வண்டிக்கும், அதைப் போலவே தோன்றும் 1916 வண்டிக்கும் வாங்குபவர் மனத்தில் ஒரே மதிப்பு இருப்பதில்லை.

அரிதாக இருப்பதெல்லாம் விலை உயர்ந்தது என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளியாரிடம் என்ஜினை வாங்கி, தங்கள் பெயரை டாங்கில் எழுதி விற்ற சிறு தயாரிப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஜே.ஏ.பி. என்ஜினோ வில்லியர்ஸ் என்ஜினோ பொருத்தப்பட்ட அத்தகைய வண்டிகளில் உலகிலேயே இரண்டோ மூன்றோதான் எஞ்சியிருக்கும். ஆனாலும் அவற்றைத் தேடுபவர்களும் இரண்டோ மூன்றோ பேராகவே இருப்பார்கள். அரிதாக இருப்பதோடு தொழில்நுட்ப முதன்மையோ பந்தயப் புகழோ சேரும்போதுதான் போட்டி பிறக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டிச் சில ஆண்டுகளே உருவான சைக்ளோன், மற்றவர்கள் எளிய வால்வு அமைப்புகளோடு இருந்த காலத்திலேயே வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டைச் சிலிண்டர் தலையின் மேல் வைத்த இரட்டைச் சிலிண்டர் வண்டி. மரப்பலகை பரப்பிய ஓடுதளங்களில் நடந்த பந்தயங்களில் அதன் மஞ்சள் வண்ணம் பெயர் பெற்றது. 2025 தொடக்கத்தில் லாஸ் வேகஸில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1915ஆம் ஆண்டின் சைக்ளோன் ஒன்று 13,20,000 டாலருக்கு விற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே நகரில் அதே நிறுவனத்தின் ஏலத்தில், 1908ஆம் ஆண்டின் ஹார்லி-டேவிட்சன் ஒன்று 9,35,000 டாலர் பெற்றிருந்தது. பெட்ரோல் டாங்கை உலோகப் பட்டைகளால் கட்டித் தொங்கவிட்டிருப்பதால் அவ்வகை வண்டியைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்ட்ராப் டாங்க்' என்கிறார்கள். 1903இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் மிகத் தொடக்க காலச் சான்று என்பதே அதன் பெருமை.

ஆளும் நிகழ்வும் சேர்ந்த வரலாற்றுக்கு வின்சென்ட் பிளாக் லைட்னிங் நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் பிலிப் வின்சென்டின் தொழிற்சாலை இந்தப் பந்தய மாடலை ஏறத்தாழ 30 என்ற எண்ணிக்கையிலேயே செய்தது. 1948இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ரோலி ஃப்ரீ என்ற ஓட்டுநர் நீச்சல் உடையில், வண்டியின் மேல் வயிறு படியக் கிடந்தவாறு மணிக்கு 150 மைலைக் கடந்தார். அவர் ஓட்டிய, சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட அந்த வண்டியின் வழியில்தான் பிளாக் லைட்னிங் பிறந்தது. 1953இல் ஆஸ்திரேலியாவில் ஜாக் எரட் மணிக்கு 141.5 மைல் வேகத்தில் நாட்டுச் சாதனை படைத்த 1951ஆம் ஆண்டு வண்டி, 2018 ஜனவரியில் போனம்ஸ் ஏலத்தில் 9,29,000 டாலருக்கு விற்றது. அதே மாடலில் சாதனையோ பதிவோ இல்லாத வண்டியும் அரியதுதான். ஆனால் நாளும் இடமும் வேகமும் எழுதிவைக்கப்பட்ட வண்டி தனித்து நிற்கிறது.

அடுத்து அசல் தன்மை. என் பார்வையில் புதிய சேகரிப்பாளர் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்ல வேண்டியிருக்கிறது. பளபளக்கும் பெயிண்ட்டும் கண்ணாடி போன்ற குரோமும் இருந்தால் வண்டி மேலானது என்று கண் சொல்லும். ஆனால் 1920களின் பிற்பகுதி வரை மோட்டார் சைக்கிள்களின் பளபளப்பான பாகங்களுக்குப் பூசப்பட்டது நிக்கல் முலாம். குரோம் முலாம் பரவலானது அதற்குப் பிறகு. 1924ஆம் ஆண்டு வண்டியின் ஹேண்டில்பாரில் குரோம் மின்னினால், அந்தப் பாகம் பிற்காலத்தில் மீண்டும் முலாம் பூசப்பட்டதாகவோ முற்றிலும் மாற்றப்பட்டதாகவோ இருக்க வேண்டும். நிக்கலின் ஒளி சற்று இளமஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்கும். குரோமின் ஒளி நீலச் சாயலோடு கூர்மையாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை.

தொழிற்சாலையிலிருந்து வந்த பெயிண்ட் மங்கி, கோடுகள் தேய்ந்து, இருக்கைத் தோல் வெடித்திருந்தாலும், எதுவும் மாற்றப்படாத வண்டியை இன்று பல சேகரிப்பாளர்கள் முழுதாகப் புதுப்பித்த வண்டியைவிட மேலாக மதிக்கிறார்கள். காரணம் எளியது: அன்று எப்படிப் பெயிண்ட் அடித்தார்கள், எந்தத் திருகை எங்கே வைத்தார்கள், கோட்டைக் கையால் எவ்வளவு தடிப்பில் இழுத்தார்கள் என்பதற்கெல்லாம் அந்த வண்டியே நேர்ச் சாட்சி. அதைச் சுரண்டிப் புதிதாக்கிவிட்டால் சாட்சி அழிந்துவிடும். எவ்வளவு திறமையான கைவினைஞரும் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது. ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், பழைய வாகனங்களில் இயன்றவரை குறைவாகத் தலையிட்டுப் பாதுகாக்க வேண்டும் என்ற நோக்கையே முன்வைக்கிறது. புதுப்பிக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. துரு தின்று பாதி பாகங்கள் தொலைந்த வண்டிக்குப் புதுப்பித்தலே உயிர் கொடுக்கிறது. ஆனால் பணி தொடங்குமுன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, கழற்றிய அசல் பாகங்களை எறியாமல் வைத்து, எது புதியது எது பழையது என்று எழுதிவைப்பவர், வண்டியின் மதிப்பையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்.

2016 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில் நடந்த போனம்ஸ் ஏலம் இதற்குக் கண்கூடான விளக்கம். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர் பெற்ற டி.ஈ. லாரன்ஸ் விரும்பி ஓட்டிய பிராண்டு என்பதால் பலருக்கும் தெரிந்த பிரஃப் சுப்பீரியர், நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் 1919 முதல் 1940 வரை ஏறத்தாழ 3,000 வண்டிகளே செய்த நிறுவனம். அந்நிறுவனத்தின் எட்டு வண்டிகள் கார்ன்வாலில் ஒரு கொட்டகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்து, தூசியும் துருவுமாக, சில பாதி கழற்றிய நிலையில், அப்படியே ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்று 1938ஆம் ஆண்டின் பி.எஸ்.4, ஆஸ்டின் காரின் நான்கு சிலிண்டர் என்ஜினையும், நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பின் சக்கரங்களையும் கொண்ட விந்தையான வடிவம். ஓடாத நிலையில் இருந்த அந்த வண்டி 3,31,900 பவுண்டுக்கு விற்றது. நெடுங்காலம் எவர் கையும் படாமல் கிடந்ததே அதன் அசல் தன்மைக்கு உத்தரவாதமாக அமைந்தது.

சான்றுகளில் அடிப்படையானவை எண்கள். வண்டியின் சட்டகத்தில் (ஃபிரேம்) ஓர் எண்ணும் என்ஜினில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் தொழிற்சாலையை விட்டு ஒன்றாக வெளிவந்தவை என்று காட்ட முடிந்தால், எண்கள் பொருந்துகின்றன என்பார்கள். இந்தச் சொல்லை எல்லாப் பிராண்டுகளுக்கும் ஒரே பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970க்கு முற்பட்ட ஹார்லி-டேவிட்சன் வண்டிகளின் சட்டகத்தில் அடையாள எண்ணே கிடையாது. என்ஜின் எண்தான் வண்டியின் எண். ஆகையால் அவற்றில் சட்டக எண்ணைத் தேடுவது வீண். என்ஜினின் கீழ் உறையான கிராங்க்கேஸின் இரு பாதிகளிலும் அடிப்பக்கத்தில் உள்ள எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்றே பார்க்க வேண்டும். போருக்குப் பிந்திய இரட்டைச் சிலிண்டர் வின்சென்டில், அசல் இணை என்றால், என்ஜின் எண்ணோடு 1,900ஐக் கூட்டினால் சட்டக எண் வர வேண்டும். சட்டகத்தின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தனித்தனியே எண் உண்டு. அவை இரண்டும் ஒத்திருக்க வேண்டும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இன் முதல் 7,414 வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் 'சாண்ட் காஸ்ட்', அதாவது மணல் அச்சில் வார்த்தவை என்று அழைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். உண்மையில் அவற்றின் என்ஜின் உறை உலோக அச்சில் வார்க்கப்பட்டது; சொரசொரப்பான மேற்பரப்பைக் கண்டு வந்த பெயர் நிலைத்துவிட்டது. பெயர் பிழையாக இருந்தாலும் எண் வரிசை தெளிவாக இருப்பதால் சந்தையில் அதற்கு மதிப்பு இருக்கிறது.

எண்களுக்கு இத்தனை மதிப்பு இருக்கும்போது அவற்றை மாற்றிப் பொறிக்க முயல்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். எண் பொறித்த இடத்தில் அரம் தேய்த்த தடம், சுற்றியுள்ள உலோகத்திலிருந்து வேறுபட்ட பளபளப்பு, அக்காலத் தொழிற்சாலை எழுத்து வடிவத்தோடு ஒவ்வாத எழுத்து ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். விலை மிக உயர்ந்த பழம்பெரும் மாடல்களுக்கு இன்று முழுமையான மறுபடைப்புகளும் செய்யப்படுகின்றன. அவற்றை மறுபடைப்பு என்று சொல்லி விற்பதில் குற்றம் எதுவுமில்லை. பல கை மாறிய பின் அந்தச் சொல் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்போதுதான் ஆபத்து. இதற்குத் துணை நிற்பவை பிராண்டு சார்ந்த கிளப்புகள். பல பழைய தொழிற்சாலைகளின் அனுப்புகைப் பதிவேடுகள், அதாவது எந்த எண் கொண்ட வண்டி எந்த நாளில் எந்த விற்பனையாளருக்குச் சென்றது என்ற குறிப்புகள், இத்தகைய கிளப்புகளிடம் இருக்கின்றன. சிறு கட்டணத்துக்கு அவர்கள் எழுதித் தரும் ஒரு தாள், ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் செய்த பெயிண்ட் வேலையைவிட விலைக்கு உறுதி தரும். பழைய பதிவுச் சான்று, முதல் உரிமையாளரின் ரசீது, வண்டியோடு எடுத்த குடும்பப் படம், பந்தய நாள்களின் நிகழ்ச்சித்தாள் ஆகிய எல்லாமே சான்றுகள்தாம்; விற்கும் குடும்பங்கள் இவற்றைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிடுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பேரிழப்பு.

இனி ஏலம். அருங்காட்சியகம் மூடப்படும்போதும், சேகரித்தவர் மறையும்போதும், ஆர்வம் வேறு பக்கம் திரும்பும்போதும் வண்டிகள் சந்தைக்கு வருகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அனமோசாவில் இருந்த தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் 2023இல் மூடப்பட்டபோது அதன் தொகுப்பு மீகம் வழியாக ஏலத்துக்குச் சென்றது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கப்படும். அதை 'லாட்' என்பார்கள். பட்டியலில் லாட் எண்ணோடு வண்டியின் விவரமும் மதிப்பீட்டு விலையும் இருக்கும். மதிப்பீடு என்பது எதிர்பார்ப்பே தவிர வாக்குறுதி ஆகாது என்பதை முதலில் சொன்ன பாரிஸ் விற்பனையே காட்டுகிறது.

விற்பவர், இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ஏல நிறுவனத்தோடு இரகசியமாக ஒப்புக்கொள்ளும் தொகைக்கு ரிசர்வ் விலை என்று பெயர். ஏலத்தில் கேட்கப்படும் விலை அந்தத் தொகையை எட்டாவிட்டால் வண்டி விற்காது. ரிசர்வ் இல்லாமல் வரும் லாட், கடைசியாகக் கேட்டவருக்கு, எவ்வளவு குறைந்த தொகையானாலும், போய்விடும். விற்பவருக்கு அது துணிச்சலான முடிவு, ஆனாலும் கூட்டத்தை ஈர்க்க அதுவே சிறந்த வழி என்று பலர் நம்புகிறார்கள். ரிசர்வ் எட்டப்படும் வரை ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் தாமே விலையை ஏற்றிக்கொண்டு போவதைப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. நிபந்தனைகளில் அது எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஆரவாரமான தொடக்க ஏற்றம் முழுவதும் மெய்யான போட்டி என்று கொள்ளத் தேவையில்லை. ரிசர்வ் எட்டிவிட்டது என்று அவர் குறிப்பால் உணர்த்திய பின் நடப்பதே மெய்யான ஏலம்.

சுத்தியல் தட்டும் கணத்தில் நிற்கும் தொகை நீங்கள் செலுத்தப்போகும் மொத்தத் தொகை ஆகாது. அதன் மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒரு சதவீதத்தை ஏல நிறுவனம் சேர்க்கும். விற்பவரிடமும் தனியே தரகு பிடிக்கும். எடுத்துக்காட்டாக, 20,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்து, வாங்குபவர் கட்டணம் 15 சதவீதம் என்றால், உங்கள் செலவு 23,000 டாலர். விற்பவரிடம் தரகு 10 சதவீதம் என்றால் அவர் கைக்கு வருவது 18,000 டாலர். இடையில் உள்ள 5,000 டாலர் நிறுவனத்துக்கு. இதன் மேல் வரி, வேறு நாட்டிலிருந்து வாங்கினால் இறக்குமதித் தீர்வை, காப்பீடு, மரப்பெட்டியிட்டு அனுப்பும் செலவு ஆகியவை உண்டு. எனவே மனத்தில் உள்ள உச்ச வரம்பை மொத்தச் செலவாகக் கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கேட்கக்கூடிய கடைசித் தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே அரங்கினுள் செல்ல வேண்டும். செய்திகளில் வரும் சாதனை விலைகளில் பெரும்பாலும் இந்தக் கட்டணமும் சேர்ந்திருக்கும் என்பதையும், இரண்டு விற்பனைகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் சொல்லப்பட்டவையா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இணைய ஏலத்தின் இயல்பு சற்று வேறு. அங்கே ஏலம் நாள்கணக்கில் நடக்கும். கேள்விகளைப் பொதுவெளியில் கேட்கலாம். விற்பவர் பதில் தருவார். விவரம் அறிந்தவர்கள் தவறான பாகத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். பிரிங் எ டிரெய்லர் போன்ற தளங்களில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது புதிதாக விலை கேட்டால் நேரம் மீண்டும் இரண்டு நிமிடமாக நீட்டப்படுகிறது. இறுதி நொடியில் பாய்ந்து வண்டியைத் தட்டிச் செல்ல அதனால் இயலாது. ஆனால் படத்தில் சட்டகத்தின் வெல்டிங் தரமும் என்ஜினின் இறுக்கமும் தெரிவதில்லை. இயன்றால் நேரில் செல்வதும், இயலாவிட்டால் அந்த மாடலை அறிந்த ஒருவரை அனுப்புவதும், குறைந்தது எண்களின் அருகுப் படங்களைக் கேட்டு வாங்குவதும் தவிர்க்கக் கூடாதவை. நேரிலும் இணையத்திலும் பெரும்பாலான விற்பனைகள் வண்டியை உள்ளது உள்ளபடியே ஒப்படைக்கும் நிபந்தனையோடு நடப்பதால், வாங்கிய பின் தெரியவரும் குறைக்குப் பரிகாரம் மிகக் குறைவு.

எந்த மாடலை வாங்கினால் விலை ஏறும் என்பதே புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. விருப்பம் தலைமுறையோடு நகர்கிறது என்பதைத் தவிர உறுதியாகச் சொல்ல அதிகம் இல்லை. இளமையில் கடை வாசலில் நின்று ஏங்கிப் பார்த்த வண்டியை வாங்கும் வசதி, மனிதருக்கு நடுவயதில்தான் வருகிறது. அதனால்தான் 1972இல் அறிமுகமான கவாசாகி இசட்1, 1974இல் 401 மட்டுமே தயாரான டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் போன்றவை ஒரு காலகட்டத்துக்குப் பின் சேகரிப்புப் பொருள்களாயின. 1998இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் மோட்டார் சைக்கிள்களுக்கெனவே ஒரு பெருங்கண்காட்சி நடத்தியதும், இவற்றைக் கலைப்பொருளாகப் பார்க்கும் நோக்கு வலுப்பட உதவியது. முதல் வண்டியாக, உதிரி பாகம் கிடைக்கும், கிளப் உள்ள, கையேடு அச்சில் இருக்கும் ஒரு மாடலைத் தேர்ந்தெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அரிய வண்டியின் உடைந்த ஒரு வார்ப்பு பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், தொடங்கிய ஆர்வம் அதிலேயே தேய்ந்துவிடும்.

வாங்கிய வண்டியை வைக்கும் இடம் ஈரமற்றதாக இருக்க வேண்டும். காப்பீடு, காப்பீட்டு நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பின் அடிப்படையில் இருக்க வேண்டும். 2003 செப்டம்பரில் இங்கிலாந்தின் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் பற்றிய தீயில் ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்தன என்பதை எண்ணினால், தீப்பாதுகாப்பைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நெடுநாள் நின்றிருந்த வண்டி வீட்டுக்கு வந்ததும் உடனே உதைத்து இயக்கிப் பார்க்கும் ஆசை எழும். அதை ஓரிரு நாள் தள்ளி வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, என்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றி, தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலையும் எண்ணெயையும் முற்றிலும் வடித்து, டாங்கின் உட்புறத் துருவைப் பார்த்து, எண்ணெய் பம்பு வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே முதல் உதை. அதற்கு முன்பே, வண்டியை லாரியிலிருந்து இறக்கிய அன்றே, எண்களையும் ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஏலப் பட்டியல், ரசீது, கிளப் கடிதம் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் சேர்த்துவிட வேண்டும். அந்த வண்டியின் வரலாற்றில் இனி உங்கள் பக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.